வலது காலும் குள்ளக் காரும்

லுக்குட் டவுனில் காய்கறிக் கடை வாசலில் காரை நிறுத்திக் கதவைத் திறந்தேன். வலது காலை வெளியே வைத்து உடம்பைத் தூக்கினேன். தொடை மடிப்பில் யாரோ இடுக்கி போட்டு இழுத்ததைப் போல ஒரு வலி. அப்படியே மறுபடியும் சீட்டில் விழுந்தேன். இன்னொரு தடவை முயன்றேன். உயிர் போய் உயிர் வந்தது.

கடைக்காரத் தம்பி வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டே பார்த்தான். "என்னக்கா, காருக்குள்ளயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

"வாயை மூடிக்கிட்டு வந்து கையைக் குடுய்யா" என்றேன்.

அவனும் சாமான் வாங்க வந்திருந்த ஒருவரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து, லாரியிலிருந்து அரிசி மூட்டையை இறக்குவதைப் போல என்னை வெளியே எடுத்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு எனக்கு வலியைவிட மானம் போனதுதான் பெரிதாகத் தெரிந்தது.

இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு, வாசலில் நிற்கும் தாழ்வான காரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி எத்தனை பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் இருந்தாலும் போதும்.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்த பிள்ளைகளை எல்லாம் வேனில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பக் கொண்டுவருவதுதான் என் தொழில். வருடக்கணக்கில் செய்தேன். பிறகு குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சிரம்பானுக்கும் செண்டாயானுக்கும் போய்விட்டன. வேனில் ஏற்றப் பிள்ளைகள் இல்லை. வேனைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினேன். நீல நிறம். இரண்டு கதவு, இரண்டே சீட்டு. குள்ளமோ குள்ளம். பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றால், ஓட்டுகிறவரின் முட்டிதான் என் கண்ணுக்குத் தெரியும்.

"பேரப்பிள்ளை எடுக்கிற வயசுல ரேஸ் காராம்மா?" என்று என் மகள் சுகந்தி கேட்டாள். கேட்கட்டுமே. மாப்பிள்ளையை வீட்டார் பார்த்து வைத்தார்கள். வீடு தோட்டத்து நிர்வாகம் காட்டியது. வேன் வயிற்றுப்பாட்டுக்கு வந்தது. இந்தக் கார் ஒன்றுதான் நானே பார்த்து, நானே ஆசைப்பட்டு வாங்கியது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். வண்டியில் ஏறும்போது வலது காலைத்தான் முதலில் வைப்பேன். வேன் எடுத்த முதல் நாள், சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டி, "வலது காலை வெச்சு ஏறு தாயி" என்று கோயில் பூசாரி சொன்னார். அன்று தொடங்கியது. அத்தனை வருடமும் என் வேனில் வந்த பிள்ளை ஒன்றுக்கும் ஒரு கீறல் விழவில்லை. அது என் திறமையா, சாமியின் தயவா, வலது காலா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. மூன்றையும் சேர்த்தே வைத்துக்கொண்டேன். குள்ளக் கார் வந்த பிறகும் அப்படித்தான் ஏறினேன்.

லுக்குட்டில் நடந்ததற்குப் பிறகும் நான் உடனே டாக்டரிடம் போகவில்லை. முட்டியில்தான் கோளாறு என்று நினைத்தேன், ஏனென்றால் முட்டியும் சேர்ந்து வலித்தது. தைலம் போட்டு உருவினேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். செருப்பு மாட்டக் குனிய முடியாமல் போன பிறகுதான் சுகந்தி என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் நம்ம தமிழ்ப் பையன், வயது குறைவு. எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டுப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"ஆன்ட்டி, பாவம் அந்த முட்டியை விட்டுடுங்க. அது ஒண்ணும் பண்ணல. கோளாறு இங்க, இடுப்புல."

தொடை எலும்பின் மேல்முனை பந்தைப் போலிருக்கும். அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழலும். நடுவே குருத்தெலும்பு (எலும்பும் எலும்பும் உரசாமலிருக்க இயற்கை வைத்த வழவழப்பான மெத்தை) இருக்க வேண்டும். என் வலது இடுப்பில் அது தேய்ந்தே போயிருந்தது. இடுப்பில் இருக்கும் வலி தொடை மடிப்பிலும் முட்டியிலும் தெரிவது சகஜம் என்றார். மூட்டு மாற்று அறுவை (தேய்ந்த பந்தையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டுச் செயற்கையானதைப் பொருத்துவது) செய்தால் நன்றாக நடக்கலாம் என்றும் சொன்னார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "கார் ஓட்டலாமா?"

"ஓட்டலாம். என்ன கார்?"

கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "பெஸ்ட் கார் லா ஆன்ட்டி!" உடனே சிரிப்பை உள்ளே இழுத்துக்கொண்டார். "ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் நான் சொல்ற வரைக்கும் இதைத் தொடக்கூடாது. இடுப்பைவிட முட்டி மேல போற மாதிரி எதுலயும் உட்காரக்கூடாது. இந்தக் காரு முழுக்க அப்படித்தான்."

திரும்பி வரும் வழியெல்லாம் சுகந்தி பேசிக்கொண்டே வந்தாள். காரை விற்றுவிட வேண்டும். அவள் அப்பாவும் நானும் செண்டாயானில் அவள் வீட்டுக்கே வந்துவிட வேண்டும். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் பஸ் வருவதில்லை. கடை, கோயில், கிளினிக் எல்லாமே தூரம். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) ஆட்களை மேய்த்தவர்தானே தவிர, மோட்டாரைத் தவிர வேறெதையும் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. மூட்டு மாற்றியவளை மோட்டாரின் பின்னால் ஏற்றவும் முடியாது. கார் போனால் வீடும் போகும்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். அப்போதுதான் பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சியால் உடம்பைப் பழையபடி இயங்க வைப்பவர்) புவான் ரோஸ் என் வாழ்க்கைக்குள் வந்தார். மலாய்க்காரர், புவான் என்றால் திருமதி. சின்ன உருவம். குரல் மட்டும் பெரியது.

"பெலான்-பெலான், மக்சிக்" என்பார். மெதுவாக, அம்மா என்று அர்த்தம். எனக்கும் மெதுவுக்கும் எந்தக் காலத்திலும் ஆகாது. மணியடிப்பதற்குள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிப் பழகியவள் நான்.

கட்டளைகள் கடுமையாக இருந்தன. குனியாதே. காலுக்கு மேல் கால் போடாதே. காலை ஊன்றிக்கொண்டு உடம்பை மட்டும் திருப்பாதே. மீறினால் மூட்டு நழுவும் (பந்து கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிடும்). படிக்கட்டுக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முன்னே. இதைப் புவான் ரோஸ் என்னை ஒப்பிக்க வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் கட்டிலுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தியிருந்தார். நாற்காலிக்கு மெத்தை மேல் மெத்தை. கக்கூசில் உயரமான இருக்கை. வீடு முழுக்க ஒரு பிடி மேலே ஏறி நின்றது. நான் மகாராணியைப் போல உயரத்தில் உட்கார்ந்து, சன்னல் வழியே தரையோடு தரையாகக் கிடக்கும் என் காரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே செம்பனைத் தூசி படிந்திருக்கும். சில நாள் அழுகை வரும். அழுதேன். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்த வாரங்களில் உடம்பு தேறுவது நமக்கே தெரியாது. கூட இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். "நேத்து முகத்தைச் சுளிச்ச, இன்னிக்குச் சுளிக்கல" என்று ஒருநாள் என் வீட்டுக்காரர் டீயை நீட்டிக்கொண்டே சொன்னார். அவர் அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை. நடைச்சட்டம் (வாக்கர்) போய்க் கைத்தடி வந்தது. கைத்தடியும் மூலைக்குப் போனது. டாக்டர் ஒருநாள் என் காலை மடக்கி நீட்டிப் பார்த்து, "இனிமே காரைத் தொடலாம் ஆன்ட்டி. ஆனா பார்த்து" என்றார்.

பார்த்து என்பது என் காதில் விழவேயில்லை.

மறுநாள் காலையில் காரைக் கழுவச் சொன்னேன். மாதக்கணக்கில் நின்ற வண்டி, சும்மா எடுக்க மனம் வரவில்லை. எலுமிச்சம்பழம் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். கதவைத் திறந்தேன். பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது டாக்டரையும் கேட்காது, புவான் ரோஸையும் கேட்காது. வலது காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன்.

வைத்த காலின் மேல் உடம்பைத் திருப்பியதும் இடுப்புக்குள் என்னமோ புரண்டது. கத்திவிட்டேன். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. நகர முடியவில்லை. வீட்டுக்காரர் ஓடி வந்தார். எங்கே தொடுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"தவம், என்னைப் பாரு. என்னை மட்டும் பாரு" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மெல்ல என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைத் தள்ளி, தோளைக் கொடுத்து, பின்பக்கமாகவே என்னை வெளியே எடுத்து உட்கார வைத்தார். எனக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. மூட்டு நழுவிவிட்டது, எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

சுகந்தி செண்டாயானிலிருந்து பறந்து வந்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்ல காலம், மூட்டு நழுவவில்லை. தசைதான் இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் திட்டினார். திட்டட்டும், வாங்கிக்கொண்டேன். ஆனால் சுகந்தி திட்டவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"ஆள் பார்த்துட்டேன்மா" என்று காரில் வரும்போது அமைதியாகச் சொன்னாள். "வர்ற ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்குவாங்க. எனக்கு உன் காரு வேணாம். நீதான் வேணும்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன்.

அந்த வாரம் புவான் ரோஸிடம் போக வேண்டிய நாள் வந்தது. அவரும் திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டு, "இதுதான் உங்க கார். எப்படி ஏறுனீங்க, காட்டுங்க. நிஜமா உட்கார வேணாம்" என்றார். காலை நீட்டிக் காட்டினேன். புருவத்தைச் சுருக்கினார்.

"மக்சிக், நம்ம ஊர்ல டிரைவர் சீட்டு வலது பக்கம். அந்தக் கதவுல ஏறுறவங்களுக்கு இடது கால்தானே முதல்ல உள்ள போகும்? நீங்க ஏன் வலது காலை வைக்கிறீங்க? அப்படி வெச்சா உடம்பு முறுக்கும், இடது காலை அது மேல தாண்டி இழுக்கணும். செய்யக்கூடாதுன்னு நான் சொன்னது எல்லாத்தையும் ஒரே சமயத்துல செய்றீங்க."

எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். எலுமிச்சம்பழம், பூசாரி, வேன், பிள்ளைகள், ஒரு கீறல்கூட விழாதது. சொல்லச் சொல்லக் கண்ணீர் முட்டியது. "விட்டா ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு" என்றேன். அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் உள்ள போறப்போ வலது கால்தான்" என்றார். "நீங்க நினைக்கிறது எனக்குப் புரியுது. ஆனா இந்தக் காருக்குக் கால் முதல்ல போகவே கூடாது. முதுகைக் காட்டி நின்னு, உட்கார்ந்துட்டு, ரெண்டு காலையும் ஒண்ணா உள்ள கொண்டு போகணும்."

இரண்டும் ஒன்றாகப் போனால் எது முதல் கால்? வீடு வந்து சேரும்வரை அதுவே மண்டையைக் குடைந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வாசல் படியில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பயணம் எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்டார்.

"கார்ல."

"வீட்டை விட்டு இறங்குறப்பவே ஆரம்பிச்சிடுதே. இந்தப் படியில இறங்குறப்போ வலது காலை வெச்சிடு. அதுக்கப்புறம் கார்ல எப்படி ஏறுனா என்ன?"

எனக்குச் சட்டென்று புவான் ரோஸ் ஒப்பிக்க வைத்தது ஞாபகம் வந்தது. இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முன்னே. என் வலது கால்தானே அது! பூசாரி சொன்னதும் புவான் ரோஸ் சொன்னதும் எங்கள் வீட்டு வாசல் படியில் ஒன்றாக வந்து நின்றன. நான் சிரித்த சிரிப்பில் அவர் பயந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பழகியாக வேண்டும். புவான் ரோஸ் எழுதாமல் வாயாலேயே சொல்லிக்கொடுத்ததை, எனக்குப் பலித்த மாதிரியே உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் டாக்டர் சரி என்ற பிறகு மட்டும் செய்யுங்கள்.

காரைச் சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு கதவுக் காரின் கதவு நீளம், அது முழுதாகத் திறக்க இடம் வேண்டும், பக்கத்தில் சாக்கடை இருக்கக் கூடாது. சீட்டை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ தள்ளி, முதுகைக் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள். சீட்டின் மேல் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரியுங்கள், துணியில் உடம்பு சிக்கும், பையில் வழுக்கும். என்னுடையது லுக்குட் காய்கறிக் கடைப் பை. பிறகு காருக்கு முதுகைக் காட்டி, சீட்டு விளிம்பு காலில் தட்டும்வரை பின்னால் போங்கள். ஒரு கை முன்கண்ணாடி ஓரத்துக் கம்பத்தில், இன்னொரு கை சீட்டின் முதுகில். கதவை மட்டும் பிடிக்காதீர்கள், அது ஆடும், உங்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஆபரேஷன் செய்த காலை முன்னால் நீட்டியபடி மெல்ல உட்காருங்கள். தலை இடிக்காமல் பின்னால் சரிந்து உள்ளே நகருங்கள். அதற்கப்புறம்தான் திரும்புவது. முட்டிக்கும் முட்டிக்கும் நடுவே ஒரு தேங்காய் இருப்பதாக நினைத்துக்கொண்டு, உடம்பும் இரண்டு காலும் சேர்ந்தே திரும்ப வேண்டும். உட்கார்ந்ததும் பையை உருவிவிடுங்கள், அதோடு ஓட்டினால் பிரேக் போடும்போது வழுக்கும். இறங்குவது இதையே தலைகீழாகச் செய்வது. எழுந்ததும் ஓடாதீர்கள். நின்று ஒரு மூச்சு விடுங்கள்.

முதல் நாள் எனக்குத் தலை இடித்தது. மறுநாள் தேங்காய் கீழே விழுந்தது. நினைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லியும் கேளாமல் என் வீட்டுக்காரர் நிஜத் தேங்காயையே வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுகந்தி வந்தாள். கார் வாங்குகிறவர் பின்னால் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். "ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் சொல்லு" என்றேன். வாசல் படியில் வலது காலை முன்னே வைத்து இறங்கினேன். காருக்கு முதுகைக் காட்டி நின்றேன். அவள் கையை நீட்டிக்கொண்டு கிட்டே ஓடி வந்தாள். "அங்கயே நில்லு" என்றேன். உட்கார்ந்தேன், சரிந்தேன், திரும்பினேன். பையை உருவினேன். கதவைச் சாத்தினேன். மறுபடி திறந்தேன். இரண்டு காலும் ஒன்றாக வெளியே வந்தன. எழுந்து நின்று ஒரு மூச்சு விட்டேன். வலிக்கவில்லை. ஒரு துளிகூட வலிக்கவில்லை.

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே கைப்பேசியை எடுத்தாள். "ஸாரி பிரதர், காரு விக்கிறதுக்கு இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "உன் பிடிவாதம் எனக்கு வரவே கூடாதும்மா" என்றாள். அது அவளுக்கு எப்போதோ வந்துவிட்டது.

இப்போது என் இடுப்புக்குள் ஒரு பந்து இருக்கிறது, அது என்னோடு பிறந்தது இல்லை. முதலில் அந்நியமாகத்தான் இருந்தது. இன்று எது பழசு எது புதுசு என்று தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. நேரமும் மாறிவிட்டது. முன்பு காரில் ஏறுவது எனக்கு ஒரு வேலையே இல்லை, வண்டி கிளம்பினால்தான் பயணம். இப்போது படியில் கால் வைக்கும்போதே போக ஆரம்பித்துவிடுகிறேன். உட்காருவதும் சரிவதும் திரும்புவதும் வழியில் வரும் ஊர்களாகிவிட்டன. பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். பெலான்-பெலான்.

போன வாரம் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு லுக்குட் போனேன். அதே காய்கறிக் கடை. கதவைத் திறந்து, சரிந்து, திரும்பி, இறங்கி நின்றேன். கடைக்காரத் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"என்னக்கா, இன்னிக்குத் தூக்க வேணாமா?"

"என்னை வேணாம்" என்றேன். "அந்தப் பக்கம் போ. அவருக்குத்தான் எந்திரிக்க வரல."